கேட்டில் நின்றுபோகும் உல்லாசம்

டிக்கெட்டை விற்பது எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். தகராறு மட்டும் கேளிக்கைப் பூங்காவின் வாசலில்.

இந்தியாவில் உல்லாசம் பெரும்பாலும் ஊருக்கு வெளியில்தான் இருக்கிறது. 1989-ல் தொடங்கி 2022-ல் கதவை மூடிய எஸ்ஸெல் வேர்ல்டுக்குப் போக வேண்டுமானால், மும்பைவாசிகள் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து, கடைசியில் கோராய் கழிமுகத்தைப் படகில் கடக்கவேண்டும். 2013-ல் வந்த இமேஜிகா, மும்பை–புனே விரைவுச் சாலையை விட்டு இறங்கிய பிறகு கோபோலி பக்கம் இருக்கிறது. ராமோஜி ஃபிலிம் சிட்டி, ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகும் நெடுஞ்சாலையில். நெடுஞ்சாலை வாசலில் டிக்கெட் வாங்கிய பிறகும் அவர்களுடைய பஸ்ஸில் ஏறி உள்ளே வெகுதூரம் போகவேண்டும். பெங்களூரின் வொண்டர்லா 2005 முதல் மைசூர் சாலையில் பிடதி அருகே. 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் பிறந்த கொச்சிப் பூங்கா, நகரைத் தாண்டி பள்ளிக்கரையில் ஒரு குன்றின் மேல். சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி அடிவாரம்.

காரணம் எளிது. ராட்சத ராட்டினங்களுக்கும் அலைக் குளங்களுக்கும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். நகருக்குள் அது கட்டுபடியாகாது. ஆனால் இந்தத் தூரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. சினிமா டிக்கெட் கிடைக்காவிட்டால் எதிர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். இங்கே அது நடக்காது. வேன் வாடகை கொடுத்தாகிவிட்டது. குழந்தைகள் முதல் நாள் இரவே தூங்கவில்லை. சம்பளம் வாங்குபவர் கஷ்டப்பட்டு எடுத்த ஒரு நாள் லீவு அது. பூங்காவின் வாசலுக்கு வந்து சேரும் குடும்பம், திரும்பிப் போக முடியாத குடும்பம். ஆகவே கேட்டில் எந்தத் தகராறு வந்தாலும் பேரம் பேசும் பலம் முதலிலிருந்தே ஒரு பக்கம்தான் இருக்கிறது.

மே மாத ஞாயிறு

பெருநகரம் ஒன்றை அடுத்த பூங்கா. பெயர் முக்கியமில்லை. கோடை விடுமுறையின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்தே கால். வண்டிகள் நிறுத்தும் மைதானம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. வேனில் வந்தவர்கள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வேனிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதியில்லை. நேரடியாகப் பணம் கட்டுவோருக்கு ஒரு வரிசை, ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு ஒன்று, கூட்டமாக வந்தவர்களுக்கு இன்னொன்று. வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காகவே ஆன்லைனில் வாங்கியவர்களின் வரிசைதான் மூன்றிலும் நீளம்.

முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறார். டிக்கெட் அவருடைய போனில். அதற்குள் அளவு பார்க்கும் கம்பத்தின் அருகே மகள் நிறுத்தப்படுகிறாள். மஞ்சள் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு தலை தெரிகிறது. சிறுமி லேசாக முழங்காலை மடக்குகிறாள். ஊழியர் இப்படி எத்தனை முழங்கால்களைப் பார்த்திருப்பாரோ, ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறார்.

"பதினோரு வயசுதான் சார், ஆறாவது படிக்கிறா. ஆதார் இருக்கு, பாருங்க" என்கிறார் தாய்.

"வயசு இல்லம்மா, ஹைட்டுதான்."

பின்னாலிருந்து மாமியார்: "நான் எதுலயும் ஏறப்போறதில்ல தம்பி. ஓரமா நிழல்ல உக்காந்திருப்பேன். எனக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"உள்ள வந்தா டிக்கெட்டு பாட்டி."

பக்கத்து வரிசையில் நான்கு இளைஞர்கள். அவர்களுடைய போனைக் காட்டியதும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த டிக்கெட்டுகளில் ஏற்கெனவே யாரோ உள்ளே போய்விட்டார்களாம். தெரிந்த ஒருவர் மூலம் விலை குறைவாகக் கிடைத்த டிக்கெட்டுகள் அவை. அதற்கும் அடுத்து, புதிதாகத் திருமணமான ஜோடி ஒன்று. வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை. "மெயில் பண்ணுங்க சார்" என்பதுதான் கவுன்ட்டரில் கிடைக்கும் ஒரே பதில்.

மகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்துக் கேட்கும் கூடுதல் தொகையைத் தாய் எண்ணிக் கொடுக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கென்று தனியாக மடித்து வைத்திருந்த நோட்டுகள் அவை.

ஒரே டிக்கெட் வந்த கதை

வாசல் தகராறு புதிதல்ல. கேளிக்கைப் பூங்கா என்ற நவீன ஏற்பாடு பிறந்த நாளிலேயே அதுவும் பிறந்துவிட்டது. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. போலி டிக்கெட்டுகள் புழங்கியதில் சுமார் 28,000 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒருவர் வேலியில் ஏணியைச் சாத்தி, ஏறிக் குதிக்கத் தலைக்கு 5 டாலர் வசூலித்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

அப்போது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர்தான். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கட்டணம். பின்னர் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட கூப்பன் புத்தகங்கள் வந்தன. 1982-ல் அவை கைவிடப்பட்டு, ஒரே டிக்கெட்டில் எல்லா விளையாட்டும் என்ற முறை நிலைபெற்றது.

நம் ஊர்ப் பொருட்காட்சிகள் இன்றும் பழைய வழியில்தான் போகின்றன. சென்னை தீவுத்திடலானாலும் மைசூர் தசரா பொருட்காட்சியானாலும் நுழைய ஒரு சிறு கட்டணம், ராட்டினத்துக்கு வேறு காசு. ஏறாதவர்கள் கொடுக்க வேண்டாம். பாட்டி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு, ராட்டினத்தில் சுற்றும் பேரனுக்குக் கையசைக்கலாம். டெல்லியில் 1984 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்ட அப்பு கர் நம் நாட்டில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வழிகாட்டியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அதற்கு. பிரகதி மைதானத்தில், நகரின் நடுவில், பஸ் ஏறிப் போய்விடக்கூடிய இடத்தில் இருந்த அந்தப் பூங்கா 2008-ல் மூடப்பட்டது. பின்னால் வந்த பெரிய பூங்காக்கள் ஊருக்கு வெளியே போனதோடு, ஒரே டிக்கெட் முறையையும் பிடித்துக்கொண்டன.

நிர்வாகத்துக்கு அது லாபம். ராட்டினத்துக்கு ராட்டினம் காசு வாங்க ஆள் வேண்டாம். சில்லறைத் தொல்லை இல்லை. வருபவர்களுக்கும் ஒரு வகையில் வசதி. பிடித்ததில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் முன்பு ஒவ்வொரு ராட்டினத்தின் கீழும் ஐந்துக்கும் பத்துக்குமாக நடந்த சில்லறைச் சண்டைகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, ஒரு நாளின் மொத்தப் பணத்தோடு ஒரே வாசலில் வந்து நின்றன. டிக்கெட் விற்பனை இணையத்துக்குப் போனபோது சிக்கல் முழுமையடைந்தது. வாங்கியது ஓரிடம், தகராறு வேறிடம், முடிவெடுக்கும் அதிகாரம் மூன்றாவது இடம்.

வயதா, உயரமா?

ரயிலில் 5 வயது முதல் 12 வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை கேட்காதவரை அரை டிக்கெட். வயதைக் காட்டும் சான்றிதழோடு பயணம் செய்தே பழகியவர்கள் நாம். பூங்காக்களின் கணக்கு வேறு. உதாரணமாக வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைவான குழந்தைகளுக்கு இலவசம். அதிலிருந்து 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் கட்டணம்.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தலைகீழாகச் சுழலும் இயந்திரத்தில் உடலைப் பிடித்து வைக்கும் இரும்புச் சட்டம் வயதைப் பார்ப்பதில்லை. தோள் எங்கே வருகிறது என்பதைத்தான் பார்க்கிறது. குட்டையான குழந்தை பெரிய இயந்திரங்களில் ஏற முடியாது, ஆகவே குறைந்த கட்டணம். தவிர, உயரத்துக்குச் சான்றிதழ் தேவையில்லை. நிற்க வைத்து அளந்துவிடலாம். ஆனால் நல்ல வளர்த்தியான, ராட்டினத்தைக் கண்டாலே அழும் குழந்தைக்கு இந்தத் தர்க்கம் உதவாது. பெற்றோருக்கு விஷயமே கம்பத்தடியில்தான் தெரியவருகிறது என்பதுதான் பெரிய குறை. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்துவிட்டுக் கிளம்பினால் இந்த ஒரு தகராறு வராது. செருப்போடு அளப்பார்களா, கழற்றச் சொல்வார்களா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. விளிம்பில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு அங்குலம் பணம்.

ஏறாத பாட்டியின் பிரச்னைக்குத்தான் விடை இல்லை. மூத்த குடிமக்களுக்குச் சலுகை கொடுக்கும் பூங்காக்கள் உண்டு. அசல் அடையாள அட்டை இருக்கவேண்டும். ஆனால் சலுகை போக மீதியைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் நாள் முழுக்க சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருக்கிறார்.

விலையிலும் ஒரு ஏற்றம்

அடுத்த சச்சரவு விலை. கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுகள் 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது 28 சதவீதப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2018 ஜனவரியில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. 1,000 ரூபாய் என்று விளம்பரம் சொன்னால், 18 சதவீத வரியோடு 1,180 ரூபாய். ஐந்து பேருக்கு வித்தியாசம் 900 ரூபாய். இதோடு சனி, ஞாயிறுக்கு ஒரு விலை, விடுமுறைக் காலத்துக்கு இன்னொன்று. திங்கள்கிழமைதானே என்று கிளம்பி வந்தவரிடம், பண்டிகை விடுமுறை என்பதால் ஞாயிறு விலை என்று கவுன்ட்டரில் சொன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும்.

ஆரம்பத்தில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் கடைசித் திரையில் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவதும், கேட்காத சாப்பாட்டுக் கூப்பனையோ காப்பீட்டையோ கணக்கில் நுழைப்பதும் ஆன்லைன் விற்பனையின் தந்திரங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 தேதியிட்ட வழிகாட்டு நெறிகளில் பட்டியலிட்ட 13 ஏமாற்று முறைகளில் இவை இரண்டும் இருக்கின்றன. கடைசித் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பவர் கையில் அதுவே சாட்சி.

கட்டத்துக்குள் ஒரு எண்

போனில் வரும் கறுப்பு வெள்ளைக் கட்டம் உண்மையில் ஒரு எண். கேட்டில் உள்ள கருவி அதைப் படித்து, தலைமைக் கம்ப்யூட்டரிடம் "இது செல்லுமா, ஏற்கெனவே பயன்பட்டதா?" என்று கேட்கிறது. முதலில் காட்டுபவர் உள்ளே போவார். அதே படத்தை இரண்டாவதாகக் காட்டுபவர் பணம் கொடுத்து வாங்கியவராகவே இருந்தாலும் வெளியில் நிற்பார். எனவே டிக்கெட்டின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, ரூபாய் நோட்டைத் தெருவில் ஒட்டி வைப்பதற்குச் சமம். பாதி விலைக்கு விற்பவர் ஒரே கட்டத்தைப் பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம். பூங்காவின் பெயரை ஒத்த போலி இணையதளங்களில் வாங்கியவர்களுக்கோ கட்டமே பொய். இந்த இரண்டிலும் பூங்காவிடம் வாதாடிப் பயனில்லை. பணம் போன உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னும் தூரம் போய்விடும்.

பணம் கழிந்து டிக்கெட் வராதவர்கள் முதலில் ஒன்றைப் பார்க்கவேண்டும். வங்கிக் கணக்கில் பணம் போய், கடைக்காரர் பக்கம் உறுதியாகாமல் நின்றிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, யூ.பி.ஐ. பரிமாற்றத்தில் அந்தப் பணம் அடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வரவேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் பூங்காவின் கணக்குக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, டிக்கெட்தான் வரவில்லை என்றால் பொறுப்பு வங்கியுடையதல்ல, பூங்காவுடையது. பரிமாற்ற எண்ணைக் காட்டி அங்கேயே கேட்கலாம்.

சிவப்பு விளக்குக்கு முன்னால்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் யார் என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காமல், அசையாமல் நிற்கும் சிலை மனிதர் பல தலைமுறைக் குழந்தைகளுக்குப் பரிச்சயமானவர். கேட்டில் கருவியைப் பிடித்து நிற்பவரின் வேலையும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு ஒரு ரூபாயைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. தேதியை மாற்றவோ, பணத்தைத் திருப்பித் தரவோ முடியாது. வெயிலில் நின்றபடி நாள் முழுக்கத் திட்டு வாங்கும் அவர், பல இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆள். அவரிடம் குரலை உயர்த்துவதால் தொண்டைதான் போகும். வாடிக்கையாளர் உதவி மையம் எங்கே, அன்றைய பொறுப்பு மேலாளர் யார் என்று கேட்பதே சரியான கேள்வி.

அதைவிட முக்கியம், எப்போது கேட்பது என்பது. கருவி டிக்கெட்டைப் படித்துப் பச்சை விளக்கு எரிந்த கணத்தில், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சேவை தொடங்கிவிட்டது. அதற்கு முன்னால் அது பயன்படாத டிக்கெட். தேதி மாற்றம், பெயர் திருத்தம், உயரத்துக்கேற்ற வித்தியாசம் எல்லாமே பேசக்கூடியவை. அதற்குப் பின்னால் பேச்சு கடினம். சந்தேகம் இருந்தால் குடும்பம் முழுவதையும் வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் போய்ப் பேசவேண்டும். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்று ஆகிவிட்டால் அதன்பிறகு சொன்ன தொகையைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

கூடுதலாகக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் கொடுத்துவிடலாம். பில்லோடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. ஆகவே, "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று டிக்கெட்டில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்துவிட்டதாகப் பொருளில்லை. பாதி விளையாட்டுகளைப் பழுது பார்ப்பதற்காக மூடி வைத்துவிட்டு அதைச் சொல்லாமல் முழுக் கட்டணம் வாங்கியிருந்தால், கேள்வி கேட்க இடமிருக்கிறது. ஆனால் தேதியைத் தவறாகப் போட்டவருக்கும், மனம் மாறியவருக்கும் சட்டம் துணைக்கு வராது. அங்கே பூங்காவின் தயவுதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம், புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஏமாந்த சேலத்துக் குடும்பம் சேலத்திலேயே புகார் கொடுக்கலாம். திரும்பிப் போக முடியாத குடும்பம் என்ற பலவீனத்துக்கு, ஊருக்குத் திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரே ஈடு இது. ஆயிரம் ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற நினைப்புதான் கேட்டில் நடக்கும் பலவற்றுக்கும் துணிச்சல் தருகிறது.

பூங்காக்கள் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. அளவுக் கம்பத்தை வரிசையின் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு மாற்றலாம். வரி சேர்ந்த விலையை முதல் திரையிலேயே காட்டலாம். மூடியிருக்கும் விளையாட்டுகளின் பெயரை டிக்கெட் கவுன்ட்டருக்கு மேலே எழுதி வைக்கலாம். ஏறாதவர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரு டிக்கெட் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை ஏ.சி. அறையிலிருந்து எழுப்பி, கேட்டுக்கு வெளியே ஒரு மேஜை போட்டு உட்கார வைக்கலாம்.

வயிற்றைக் கலக்குவதற்காகத்தான் ராட்டினத்துக்குக் காசு கொடுக்கிறார்கள் மக்கள். கேட்டிலேயே கலக்குவதற்காக அல்ல.